அடிவாரத்துப் புனுகுப் பூனை

சைவ எல்லப்ப நாவலரின் அருணாசல புராணத்தில் வச்சிராங்கத பாண்டியன் வேட்டைக்கு வருகிறான். புனுகுப் பூனை ஒன்று அவன் கண்ணில் படுகிறது. குதிரையை முடுக்கித் துரத்துகிறான். பூனை அண்ணாமலையை வளைத்துக்கொண்டு ஓடுகிறது. ஒரு சுற்று முடிந்ததும் பூனை விழுந்து இறக்கிறது, குதிரையும் சாய்கிறது. இரண்டும் துருவாசர் சாபத்தால் விலங்கான வித்தியாதரர்கள். முனிவரின் நந்தவனத்துப் பூமணத்தில் மயங்கிய கலாதரன் பூனையாகவும், காந்திசாலி குதிரையாகவும் பிறந்திருந்தார்கள். மலையை வலம் வந்ததில் இருவருக்கும் சாபம் நீங்குகிறது. முதுகில் உட்கார்ந்து வந்த அரசனுக்கு மட்டும் பலன் இல்லை. கிரிவலத்தைக் கால்நடையாகவே செய்ய வேண்டும் என்பதற்கு இந்தக் கதையைச் சொல்வார்கள். இங்கே அது வேறு ஒரு காரணத்துக்காக வேண்டியிருக்கிறது. உயிருக்கு ஓடும் அந்த விலங்கு மலைமேல் ஏறி ஒளியவில்லை. அடிவாரத்தையே பற்றிக்கொண்டு ஓடுகிறது. புராணத்தை விலங்கியல் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாதுதான். வலம் வந்தாக வேண்டும் என்பது கதையின் தேவை, பூனையின் விருப்பம் அன்று. வடமொழி மூலத்தில் வருவது கஸ்தூரி மான் என்று கொள்வாரும் உண்டு; ஆனால் கஸ்தூரி மான் இமயத்தின் உயரங்களுக்கு உரியது. அண்ணாமலையில் மணம் சுரக்கும் விலங்கு எது என்று தேடிய தமிழ் மரபு புனுகுப் பூனையிடம் வந்து நின்றது சரியான தேர்வு. அதை அடிவாரத்தில் ஓடவிட்டதும் சரியாகவே அமைந்துவிட்டது.

புனுகை நாம் ஒரு பண்டமாகப் பார்த்தே பழகியிருக்கிறோம். சந்தனம், ஜவ்வாது, கோரோசனை என்ற வரிசையில் அது நாட்டு மருந்துக்கடைப் பொருள், அலங்காரப் பொருள், லேகியத்தில் சேரும் பொருள். அதைச் சுரக்கும் விலங்குக்கு அது எதற்குப் பயன்படுகிறது என்ற கேள்வி அபூர்வமாகவே எழுகிறது. அந்தக் கேள்வியைக் கேட்டால் புனுகு ஒரு நடத்தையாகத் தெரியும்; அந்த நடத்தைக்கு எப்படிப்பட்ட நிலம் வேண்டும் என்பதும் தெரியும். திருவண்ணாமலையைப் பொறுத்தவரை அது மலை உச்சியோ மரம் நட்ட சரிவோ அல்ல. மலைக்கும் ஊருக்கும் இடையே, ஏரிக்கரைக்கும் வயலுக்கும் இடையே யாரும் கணக்கில் எடுக்காமல் கிடக்கும் புதர் ஓரங்கள்தான் அந்த நிலம். மலையைப் பசுமையாக்கும் முயற்சி எவ்வளவு நல்லதானாலும், இந்த ஓரங்களைத் துடைத்துவிட்டால் புனுகுப் பூனைக்கு அதனால் பெரிய லாபம் இல்லை என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் விலங்கு எது என்று தெளிவுபடுத்திவிட வேண்டும். ஊரில் மரநாயையும் புனுகுப் பூனையையும் ஒன்றாகவே பேசுவார்கள். வீட்டுக் கூரைக்குள் குடியிருந்து, இரவில் ஓட்டின்மேல் உருண்டு புரண்டு, பனையில் கட்டிய கள்ளுப்பானையை நக்கும் பிராணி மரநாய்; அது மரமேறி, பெரும்பாலும் பழந்தின்னி. புனுகுப் பூனை நிலத்தில் நடமாடுவது. மரமேறத் தெரியும், ஆனால் அவசியம் இருந்தால்தான் ஏறும். இரண்டு முதல் நான்கு கிலோ எடை, சாம்பலும் பழுப்பும் கலந்த உடல், பக்கவாட்டில் புள்ளி வரிசைகள், முதுகில் அந்தப் புள்ளிகளே கோடுகளாகச் சேர்ந்து வாலை நோக்கி ஓடும், வாலில் கருவளையங்கள், கருத்த பாதங்கள், ஒடுங்கிக் கூர்த்த முகம். பூனை என்று பெயர் இருந்தாலும் அது பூனைக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. 1803-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் எத்தியென் ஜெஃப்ராய் செந்திலேர் இதற்கு அறிவியல் விளக்கம் எழுதினார். அதன் பேரினத்தில் இன்றும் இது ஒன்றே இனம். பகலில் வங்கில், பாறை இடுக்கில், அடர்ந்த புதரடியில், சில சமயம் சாலைக்கு அடியில் போகும் வடிகால் குழாயில் படுத்திருக்கும். இருட்டியபின் தனியாக இரை தேடும். எலி, பல்லி, பாம்பு, தரையில் கூடுகட்டும் பறவை, பூச்சி, நண்டு, விழுந்த பழம், கிழங்கு, செத்த விலங்கின் இறைச்சி என்று கிடைத்ததைத் தின்னும். அடர்காட்டை அது பெரிதாக நாடுவதில்லை. புல்வெளி, குறுங்காடு, ஓடைக்கரை, வயல் ஓரம் இவையே அதன் இடம். பாகிஸ்தானில் தொடங்கி இந்தியா, இலங்கை, தென்சீனம், தென்கிழக்கு ஆசியா வரை இது பரவியிருப்பதற்கு இந்த எதற்கும் ஒத்துப்போகும் குணமே காரணம். வணிகர்கள் புனுகுக்காகக் கப்பலேற்றிக் கொண்டுபோனதில் மடகாஸ்கரிலும் இது நிலைத்துவிட்டது.

மணத்தின் வேலை என்ன என்பதைப் புரிந்துகொள்ள, அதே தொழிலை எதிர்த்திசையில் செய்யும் ஒரு விலங்கை அருகில் வைத்துப் பார்ப்பது உதவும். அமெரிக்கக் கண்டங்களின் ஸ்கங்க் அப்படிப்பட்டது. அவற்றுள் சிறியவை புள்ளி ஸ்கங்க்குகள். மெக்சிகோவின் பசிபிக் கரையோரம் வாழும் குள்ள இனம் கால் கிலோ அளவே இருக்கும். இவ்வளவு சிறிய உடம்பை வைத்துக்கொண்டு நரிக்கும் நாய்க்கும் நடுவே பிழைக்க அது ஒரு வித்தை வைத்திருக்கிறது. எதிரி நெருங்கினால் முன்கால்களை ஊன்றித் தலைகீழாக நிமிர்ந்து நிற்கும். வாலை விரித்துக் கருப்பு வெள்ளை உடம்பை முழுதாகக் காட்டும். அதற்கும் பின்வாங்காத எதிரியின் முகத்தைக் குறிபார்த்து ஆசனவாய்ச் சுரப்பிகளிலிருந்து திரவத்தைப் பீய்ச்சும். அந்தத் திரவத்தின் முக்கியப் பகுதி தயோல் எனப்படும் கந்தகச் சேர்மங்கள். நான்கு அல்லது ஐந்து கார்பன் அணுக்களே கொண்ட சிறு மூலக்கூறுகள், உடனே ஆவியாகி மூக்கை அடைபவை. இரவு விலங்காக இருந்தும் ஸ்கங்க்கின் உடலில் எடுப்பான வெள்ளைக் கோடுகள் இருப்பதும் இதே காரணத்தால்தான்: தன்னை யாரென்று எதிரி தூரத்திலேயே அறிந்துகொள்வது அதற்கு லாபம்.

புனுகுப் பூனையின் கணக்கு முற்றிலும் வேறு. உடல் நிறம் புல்லிலும் சருகிலும் மறைவதற்கு ஏற்றது. தன்னை விளம்பரப்படுத்திக்கொள்ளும் அடையாளம் எதுவும் இல்லை. அதற்கும் ஆசனவாய்ச் சுரப்பிகள் உண்டு. ஆனால் நாம் புனுகு என்று சொல்வது அவற்றிலிருந்து வருவதில்லை. ஆசனவாய்க்கும் இனக்குறிக்கும் இடையே உள்ள தனிச் சுரப்பியிலிருந்து, வெண்ணெய் போன்ற பசையாக, ஆணிலும் பெண்ணிலும் ஊறுகிறது. அதைப் பீய்ச்சி அடிக்க முடியாது, தேய்த்துத்தான் வைக்க முடியும். அதன் மணத்துக்கு ஆதாரமான சிவெட்டோன் என்ற சேர்மத்தின் அமைப்பை 1926-இல் லியோபோல்டு ருஸிச்கா கண்டறிந்தார். பதினேழு கார்பன் அணுக்கள் ஒரே பெரிய வளையமாக இணைந்த மூலக்கூறு அது. அவ்வளவு பெரிய வளையம் இயற்கையில் நிலைத்திருக்காது என்று வேதியியலாளர்கள் அதுவரை எண்ணியிருந்தார்கள். ருஸிச்காவுக்கு 1939-இல் நோபல் பரிசு கிடைத்ததற்கு இந்த வரிசை ஆய்வுகளும் ஒரு காரணம். நமக்கு இங்கே வேண்டியது அதன் இயற்பியல் குணம். ஸ்கங்க்கின் தயோல்கள் 100 முதல் 120 பாகை செல்சியஸுக்குள் கொதித்துவிடும். சிவெட்டோன் கொதிக்க 300 பாகைக்கு மேல் வேண்டும். அதாவது அது மெல்ல, மிக மெல்ல ஆவியாகும். ஒரு கல்லில் தேய்த்தால் விலங்கு போனபின்னும் வெகுநேரம் அங்கேயே இருக்கும். எதிரியை அந்தக் கணத்தில் விரட்டுவதற்கு இது உதவாத பொருள். தான் இல்லாத வேளையில் தன் இனத்தான் ஒருவன் வந்து படிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான பொருள் கிடைப்பது கடினம்.

தனியாக வாழும் இரவு விலங்குக்கு இந்த ஏற்பாடு எவ்வளவு அவசியம் என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். நரியைப்போல ஊளையிட்டு அது ஊருக்குச் செய்தி சொல்வதில்லை. கூட்டமாக வாழ்வதில்லை. ஒன்றோடு ஒன்று நேரில் மோதிக்கொண்டால் இருவருக்கும் காயம். ஆகவே யார் இங்கே நடமாடுகிறார், எப்போது வந்து போனார், துணைக்குத் தயாரா என்பதெல்லாம் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் எழுதப்பட்டாக வேண்டும். அடைப்பில் வளர்க்கப்பட்ட பூனைகளைக் கவனித்தவர்கள் அவை கண்ட இடத்தில் எல்லாம் தேய்ப்பதில்லை, எடுப்பாக நிற்கும் சில பொருள்களையே திரும்பத் திரும்பத் தேர்கின்றன என்று பதிவு செய்திருக்கிறார்கள். கேரளத்தில் வெருகு என்ற பெயரில் இதை வளர்த்தவர்கள் கூண்டுக்குள் மரக்கம்பு நட்டு, அதில் படிந்ததைச் சுரண்டி எடுத்தது இந்தக் குணத்தை நம்பித்தான். காட்டில் அந்தக் கம்புக்குப் பதில் ஒரு பாறை முனை, வரப்போரக் கல், புதர்த் தண்டு, மரத்தின் வேர்க்கால். இவை ஓராண்டுக்கு ஓராண்டு அதே இடத்தில் இருக்க வேண்டும். அவற்றை இணைக்கும் மறைவான நடைவழியும் இருக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை மண்வெட்டும் இயந்திரம் வந்து வழித்துப் போடும் நிலத்தில் இரை இருந்தாலும் எழுதப் பலகை இருக்காது.

இத்தனை நூற்றாண்டுகளாகப் புனுகைக் கையாண்ட கோயில் மரபு இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று கேட்கலாம். திருவொற்றியூரில் ஆதிபுரீசுவரரின் புற்றுத் திருமேனி ஆண்டு முழுவதும் கவசத்துக்குள் இருக்கிறது. கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டுமே கவசம் திறந்து புனுகும் சாம்பிராணித் தைலமும் சாத்தப்படுகின்றன. திருமலையில் வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்குப் பின் மூலவருக்குப் புனுகுத் தைலம். மயிலாடுதுறைக் கூறைநாட்டில் புனுகுப் பூனை வழிபட்டதாகச் சொல்லப்படும் புனுகீசுவரர் கோயிலே இருக்கிறது. ஆக, விலங்கு நம் மரபில் மறக்கப்பட்டதல்ல. ஆனால் இந்த நினைவு முழுவதும் சுரப்பைச் சுற்றியே அமைந்திருக்கிறது. விலங்கு வாழும் இடத்தைப் போற்றும் சடங்கு எதுவும் அதனோடு வரவில்லை. திருமலைக்காகத் தேவஸ்தானம் பூனைகளை வளர்த்ததும், அது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு உரசியதும் செய்தித்தாள் படிப்போர் அறிந்தவை. அந்தச் சர்ச்சையிலும் பேச்சு முழுக்க எத்தனை பூனை, எந்தக் கூண்டு, எவ்வளவு புனுகு என்பதாகவே இருந்தது.

இப்போது நிலத்துக்கு வருவோம். அண்ணாமலை சுமார் 2,670 அடி உயரம். அதைச் சுற்றிய பாதை 14 கிலோமீட்டர். இருபதாம் நூற்றாண்டில் விறகுவெட்டும் மேய்ச்சலும் கோடைத் தீயும் சேர்ந்து மலையை மொட்டையாக்கின. 1980-களின் கடைசியிலிருந்து வனத்துறையும் தன்னார்வக் குழுக்களும் மரம் நட்டு, தீத்தடுப்புக் கோடு வெட்டிப் பராமரித்ததில் பல சரிவுகள் மீண்டும் பசுமையாகியிருக்கின்றன. இது சாதாரண வேலை இல்லை. கூரை வேய உதவும் ஆளுயரப் புல் ஒவ்வொரு கோடையிலும் காய்ந்து தீப்பிடிக்கும் மலையில் ஒரு கன்றை மரமாக்குவது எவ்வளவு பாடு என்பதை அந்த வேலை செய்தவர்கள் அறிவார்கள். ஆனால் புனுகுப் பூனையின் பார்வையில் மலையின் பெரும்பகுதி புறம்போக்குதான். அதன் உணவு கீழே இருக்கிறது. மல்லாட்டைக் கொல்லையிலும் நெல்வயலிலும் கரும்புத் தோட்டத்திலும் எலி இருக்கிறது. சமுத்திரம் ஏரி போன்ற ஏரிகளின் உள்வாயில் நண்டும் தவளையும் இருக்கின்றன. சூரையும் காரையும் களாவும் மண்டிய ஓடைக்கரையில் விழுந்த பழம் இருக்கிறது. பகலில் படுக்க மலையடிப் பாறைக் குவியல், இரவில் மேய வயல், இடையே மறைந்து நடக்க ஓடை. இந்த மூன்றும் சேர்ந்து ஒரே நடைதூரத்தில் அமையும் இடம் மலையைச் சுற்றிய ஒரு மெல்லிய வளையம்.

அந்த வளையத்தின்மேல்தான் கடந்த முப்பது ஆண்டுகளின் வளர்ச்சி முழுவதும் விழுந்திருக்கிறது. ஆசிரமங்கள், தங்கும் விடுதிகள், அடுக்குக் குடியிருப்புகள், முள்வேலிபோட்ட காலி மனைகள், வாகன நிறுத்தங்கள் எல்லாம் கிரிவலப் பாதையின் இருமருங்கிலும் வந்தன. பாதையை அகலப்படுத்த மரம் வெட்டிய விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. வாதமெல்லாம் பெரிய மரங்களைப் பற்றியதாக இருந்தது, அது நியாயமும்கூட. மரத்தடிப் புதருக்காக வழக்காட யாரும் இல்லை. வீடுகள் பாதையைத் தாண்டிச் சரிவிலும் ஏறின. 2024 டிசம்பர் முதல் நாள் ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மண்சரிந்து ஏழு பேர் இறந்தபோதுதான் மலையின் ஓரம் எங்கே முடிகிறது, ஊர் எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி பொதுவில் எழுந்தது. மனிதருக்கே ஆபத்தான அந்த எல்லைக் குழப்பம் சிறு விலங்குகளுக்கு நெடுநாளாகவே இருந்துவருகிறது. மனைக்கு மதில் எழுப்பும்போது ஓடையின் நடைவழி அறுபடுகிறது. எஞ்சிய இடத்தில் தெருநாய்க் கூட்டம். கண்ணி வைப்பவனும் வேலியில் விட்ட சிறு சந்தைத்தான் தேடுவான், ஏனென்றால் விலங்குக்கும் அதுதான் மிஞ்சிய வழி.

மலையைச் சுற்றும் கூட்டத்தை நோக்கிக் கைநீட்டுவது இந்த இடத்தில் எளிது. பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் இரவு முழுக்க நடக்கிறார்கள். தீபத்தன்று அதன் பலமடங்கு. இரவு விலங்குக்கு இதைவிட இடையூறு உண்டா என்று கேட்பது இயல்பு. ஆனால் சான்று அப்படி நேராகப் போகவில்லை. புனுகுப் பூனையின் உறவான மரநாயை நேபாளத்தின் சித்வன் காட்டில் கழுத்தில் ரேடியோ கட்டிக் கவனித்த ஆய்வு, நிலவு மிகப் பிரகாசமான இரவுகளில் அது நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது என்று கண்டது. வெளிச்சத்தில் வெளியே வந்தால் தானும் பிறர் கண்ணில் படும் என்ற அச்சம் சிறிய வேட்டை விலங்குகள் பலவற்றுக்குப் பொது. புனுகுப் பூனைக்கும் அது பொருந்துமானால், ஊரே திரண்டு நடக்கும் இரவு அது ஏற்கெனவே புதருக்குள் ஒடுங்கியிருக்கும் இரவு. மாதத்தில் ஒரு நாள் கூட்டத்தைப் பொறுத்துக்கொள்வது அதற்கு முடியாத காரியம் அல்ல. மற்ற இருபத்தெட்டு இரவுகளையும் பௌர்ணமியாக்கிவிட்ட உயர்கோபுர விளக்குகளைத்தான் கவனிக்க வேண்டும். அமாவாசை இருட்டில் எலி தேட வேண்டிய விலங்குக்கு அந்த அமாவாசை இப்போது இல்லை. பக்தனின் கால்நடையைக் குறைசொல்வதைவிட, ஆளில்லாத இரவில் யாருக்காக எரிகிறது என்று தெரியாமல் எரியும் விளக்கைக் குறைசொல்வதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இந்த இனம் கவலை குறைந்த வகையில் உள்ளது. பாதி ஆசியாவில் பரவியிருக்கிறது, ஊரோரம் வாழப் பழகியது. பிறகு எதற்கு இந்தப் பதற்றம்? புலிக்கும் வரையாட்டுக்கும் செலவழிக்க வேண்டிய அக்கறையை எங்கும் கிடைக்கும் ஒரு பிராணிக்கு ஏன் செலவழிக்க வேண்டும்? இதற்குப் பதில் மறுபடியும் ஸ்கங்க்கிடம்தான் இருக்கிறது. கிழக்குப் புள்ளி ஸ்கங்க் அமெரிக்காவின் நடுமேற்குப் பண்ணைகளில் ஒரு காலத்தில் சர்வசாதாரணம். வைக்கோற்போருக்கு அடியிலும் வேலியோரப் புதரிலும் இருந்துகொண்டு எலி தின்றது. தோலுக்காக ஆண்டுதோறும் பெருமளவில் பிடிபட்டும் குறையாமல் இருந்தது. 1940-களில் அதன் எண்ணிக்கை சரியத் தொடங்கியது. மேத்யூ கோம்பரும் மண்டி ஹேக்கெட்டும் 2005-இல் தோல் வணிகப் பதிவேடுகளைத் தொகுத்து ஆராய்ந்தபோது, அந்த வீழ்ச்சி ஓரிடத்தில் அல்ல, அதன் பரப்பு முழுவதிலும் நடந்திருப்பது தெரிந்தது. மிச்சம் இருந்தது பழைய அளவில் நூற்றுக்கு ஒன்றிரண்டு என்னும் நிலை. காரணம் இன்னதென்று ஒரே குரலில் சொல்பவர் இல்லை. அளவுமீறிய வேட்டை, நோய், பூச்சிமருந்து எல்லாம் பேசப்படுகின்றன. ஆயினும் எல்லோரும் சுட்டும் ஒன்று, சிறு பண்ணைகள் மறைந்து பெரும் வயல்கள் வந்தபோது வேலியோரமும் புதர்வரிசையும் ஒழிக்கப்பட்டன என்பது. கவனிக்க வேண்டியது, அந்த விலங்கு மறைந்தபோது யாரும் கவனிக்கவில்லை. எங்கும் இருப்பது என்ற எண்ணமே அதை எண்ணாமல் விட்டதற்குக் காரணம். கவலை குறைந்தது என்ற வகைப்பாடு ஓர் இனத்தின் உலகப் பரப்பைப் பற்றிய கூற்று. மலையை ஒட்டிய வெங்கிக்காலிலோ அடிஅண்ணாமலையிலோ அது இருக்கிறதா என்பதைப் பற்றிய கூற்று அல்ல.

வளர்ப்பில் காப்பாற்றலாமே என்பது அடுத்தது. கோயிலுக்குப் புனுகும் கிடைக்கும், விலங்கும் பிழைக்கும் என்பார்கள். வரலாறு இதற்கு உற்சாகம் தரவில்லை. ராபின்சன் குரூசோ எழுதிய டேனியல் டெஃபோ 1692-இல் லண்டன் அருகே சுமார் 70 புனுகுப் பூனைகளை விலைக்கு வாங்கி வாசனைத் தொழிலில் இறங்கினார். அதே ஆண்டில் கடனில் மூழ்கிப் போண்டியானார். எத்தியோப்பியாவில் ஆப்பிரிக்கப் புனுகுப் பூனையைக் கூண்டில் வைத்துச் சுரப்பெடுக்கும் தொழில் நெடுங்காலமாக உண்டு. ஆனால் அது வளர்ப்பே அல்ல, காட்டில் பிடித்து உடம்பைத் திருப்ப முடியாத கூண்டில் அடைப்பது. இறந்தால் காட்டிலிருந்து இன்னொன்று. நெருக்கமான கூண்டுகளின் இன்னொரு முகத்தைச் சீனத்தின் குவாங்டோங் சந்தைகள் காட்டின: சார்ஸ் நோய்க்கிருமி 2003-இல் அங்கே விற்கப்பட்ட முகமூடி மரநாய்களிடம் கண்டறியப்பட்டது, தொடர்ந்து ஆயிரக்கணக்கில் அவை கொல்லப்பட்டன. சுரப்புதான் தேவை என்றால் சிவெட்டோனை ஆலையில் செய்ய முடியும். ஷனேல் நிறுவனம் 1998-இல் இயற்கைப் புனுகைக் கைவிட்டதாக அறிவித்தது. செயற்கைப் புனுகு சடங்குக்கு ஆகுமா என்பதை ஆகம அறிஞர்கள் முடிவு செய்யட்டும், அது என் துறை அல்ல. எனினும் கூண்டுப் பூனை கம்பில் தேய்ப்பது படிக்க ஆளில்லாத கடிதம். அதைக் காப்பாற்றினால் காப்பாற்றப்படுவது பண்டம் மட்டுமே.

உள்ளூர்க்காரர் சொல்லக்கூடிய இரண்டு ஆட்சேபங்களையும் ஒதுக்கிவிட முடியாது. ஒன்று கோழி. புனுகுப் பூனை கோழி பிடிக்கும், அதில் ஐயமில்லை. வாரக் கூலியில் பாதிக்குச் சமமான நாட்டுக்கோழியை இழந்தவரிடம் எலி ஒழிப்பின் பெருமையைப் பேசுவது பொறுப்பற்ற செயல். ஆனால் இரவில் கூட்டை அடைப்பதே இதற்குப் போதுமான தீர்வு. சிறுத்தையைப்போல மனிதனுக்கு இதனால் ஆபத்து இல்லை. இரண்டாவது, வேலிகாத்தான். மலையடிவாரத்திலும் ஏரி உள்வாயிலும் இன்று எஞ்சியிருக்கும் புதரில் பெரும்பகுதி வேலிகாத்தான்தான். அதை அழிக்க வேண்டும் என்பது தமிழகத்தில் கிட்டத்தட்ட ஒருமித்த கருத்து. 2017-இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை மாநிலத்தில் அதை அகற்ற உத்தரவிட்டது, பின்னர் அந்தப் பணிக்கு இடைக்காலத் தடையும் வந்தது. புதரைக் காக்கச் சொல்பவன் வேலிகாத்தானைக் காக்கச் சொல்கிறான் என்று ஆகிவிடாதா? ஒருவகையில் ஆகும். மறைவு தேடும் விலங்கு செடியின் தாயகத்தை விசாரிப்பதில்லை; தரையோடு கவிந்த முள்ளாக இருந்தால் போதும். ஒரே வாரத்தில் இயந்திரம் வைத்து ஏரியின் நான்கு பக்கத்தையும் சுரண்டிவிட்டு, பிறகு வேம்பும் புங்கமும் நட்டு நிழற்சாலை ஆக்கினால் மனிதருக்கு அழகான இடம் கிடைக்கும், பூனைக்கு வெட்டவெளி கிடைக்கும். வேலிகாத்தான் போக வேண்டியதுதான். ஒரு துண்டில் அது போகும்போது பக்கத்துத் துண்டில் சூரையும் காரையும் நொச்சியும் ஆவாரையும் ஏற்கெனவே மண்டியிருக்க வேண்டும். நாற்றங்காலில் மரக்கன்று வளர்ப்பவர்கள் முட்புதரையும் வளர்க்கத் தொடங்க வேண்டும் என்பது இதன் பொருள். முட்செடி நட நன்கொடை கேட்பது எளிதல்ல என்பது புரிகிறது.

செய்ய வேண்டியவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. ஏரி தூர்வாரும்போது கரையின் ஒரு பக்கத்தை அந்த ஆண்டு தொடாமல் விடலாம். மலையடிவாரப் பாறைக் குவியல்களைப் பூங்காவுக்காகச் சமன் செய்யாதிருக்கலாம். விளக்குகளைக் கீழ்நோக்கிக் கவிழ்த்து, கூட்டம் இல்லாத இரவுகளில் மலைப்பக்கத்து வரிசையை அணைக்கலாம். மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் எல்லாம் எங்கோ ஓரிடத்தில் கிரிவலப் பாதையைக் கடந்துதான் ஏரிக்குப் போக வேண்டும். அங்கே ஒரு குறும்பாலமோ குழாயோ இருக்கும். வடிகாலில் படுக்கத் தயங்காத விலங்கு அதன் வழியே நடக்கவும் தயங்காது. குழாய் அடைபடாமலும், மழைக்காலத்தில் ஓரமாகக் கால்வைக்க ஒரு சாண் அகலக் காய்ந்த திட்டு உள்ளேயும், இருமுனையிலும் பத்தடிக்குக் குறையாத முட்புதரும் இருந்தால் மலைப்பக்கப் படுக்கைக்கும் ஏரிப்பக்க இரைக்கும் நடுவில் சாலை தடையாக இருக்காது. நெடுஞ்சாலைத் துறை பாலம் கட்டும்போது வெள்ளத்தின் அளவைக் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கில் இந்த ஒரு சாண் திட்டையும் சேர்க்கச் சொல்வதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.